சகாயமேரி வாங்காத வாய்தா

கரையான்சாவடி சகாயமேரிக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் அவள் புருஷன் எட்மண்ட் இன்னும் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்திருப்பான்.

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன மனிதன். பக்கத்து மனைக்காரர் வாசலுக்கு வரும் பொது வழியை மறித்துச் சுவர் எழுப்பியதிலிருந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் நாலு பேர் அவனை நாற்காலியோடு தூக்கிப் பின்பக்கச் சாக்கடையைத் தாண்ட வேண்டும். ஒரு தடவை தவறிக் கீழே போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியே வேண்டாமென்று படுத்துவிட்டான்.

சுவரை எடுக்கச் சொல்லி மேரி வழக்குப் போட்டாள். கோர்ட்டில் விசாரணை எல்லாம் முடிந்து தீர்ப்பு ஒன்றுதான் பாக்கி. ஆனால் போகும்போதெல்லாம் வாய்தா. நீதிபதி அம்மா உள்ளறையில் இருக்க, பெஞ்ச் கிளார்க் ஹேமநாதனே பெயரைக் கூப்பிட்டு, அடுத்த தேதியைச் சொல்லி அனுப்பிவிடுவார். வக்கீல்களும் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அன்றைக்கும் தேதி சொன்னார். மேரி நகரவில்லை.

"இன்னா சார், நீயே குடுக்கிற? அம்மா வாயால தந்தாதான் அது வாய்தா. உன்னுது எனக்கு வேணாம்."

"கத்தாதேம்மா!"

"நான் எங்க சார் கத்தினேன்? என் கொரலே இப்டிதான் கீது."

கோர்ட்டே சிரித்தது. சத்தம் கேட்டு நீதிபதி வந்து இருக்கையில் அமர்ந்தார். மேரி கைகூப்பிச் சொல்லிவிட்டாள்:

"ஜெயிச்சேன்னு சொல்லுங்கம்மா, இல்ல தோத்தேன்னு சொல்லுங்க. ஏதோ ஒண்ணு சொல்லிடுங்க. ஊட்டுக்காரரு படுத்துகினே கீறாரு."

நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டினார். முகம் சுருங்கிப்போயிற்று. ஹேமநாதன், "மேடம், நீங்கதான் வேலை அதிகம்னு..." என்று இழுத்தார்.

"ஆமா. தீர்ப்பு எழுதாதது என் தப்பு. நீங்க பாட்டுக்குத் தேதி கொடுக்கிறதைக் கண்டுக்காம விட்டதும் என் தப்புதான். இனிமே நான் இங்க உட்காராம யாருக்கும் வாய்தா கிடையாது." பிறகு மேரியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வாங்கம்மா. தீர்ப்பு சொல்றேன்."

சொன்னபடியே சொன்னார். சுவரை எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. மனைக்காரர் அப்பீல் போகிறேன் என்று குதித்தார்; அத்தோடு சரி.

இடிக்க ஆள் வந்த அன்று மேரி எட்மண்டை வாசலில் உட்கார வைத்தாள். கடப்பாரை விழ விழ அவனுடைய கோணல் வாயில் சிரிப்பு வழிந்தது. சட்டென்று நல்ல கையைத் தூக்கினான்.

"மெதுவா இடி நைனா. இன்னா அவசரம்? நான் பாக்கணும்."