நனையாமல் திரும்பிய துண்டு

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் மனைவி ஒரு வெள்ளை ஈரிழைத் துண்டை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தென்காசியிலிருந்து காலைப் பேருந்தில் குற்றாலத்துக்குப் புறப்படுவாள். இடுப்பு வலிக்கு அருவித் தண்ணீர் நல்லது என்று முதல் தடவை சொன்னாள். அதன் பிறகு காரணம் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் கடந்து திரும்பி வருவாள். வந்ததும் துண்டைப் பையிலிருந்து எடுத்து, கொடியில் போடாமல், நேராக அலமாரியில் வைத்துவிடுவாள். காலையில் விழுந்த மடிப்புக் கோடுகள் அப்படியே இருக்கும். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். நிறம் மாறியதா, எடை கூடியதா என்று பார்த்துப் பார்த்தே வயதானவன். அருவிக்குப் போய் வருபவளின் துண்டும் தலைமுடியும் உலர்ந்தே இருந்ததை முதல் ஞாயிற்றுக்கிழமையே கண்டுகொண்டேன். என்னை ஏமாற்றுவதற்காகத் துண்டை ஒரு வாளித் தண்ணீரில் முக்கியெடுக்கக்கூட அவள் முயலவில்லை. அதை நான் அவளுடைய நேர்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை. துணிச்சல் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கு முந்தைய ஆண்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு தையற்கடையின் மாடியில், ஒற்றை அறையில், பிள்ளைகளுக்கு இலவசமாகப் புத்தகம் கொடுக்கும் அறக்கட்டளை ஒன்று இயங்கிவந்தது. கடையின் உரிமையாளரான தையற்காரரே அதன் செயலாளர். சனிக்கிழமைகளில் கடையத்திலிருந்தும் கீழப்பாவூரிலிருந்தும்கூடப் பிள்ளைகள் வருவார்கள். அறை முழுவதும் புத்தகப் பெட்டிகள்; உட்கார இடமில்லாமல் மாடிப்படிகளில் படிக்கு ஒருவராக அமர்ந்து வாசிப்பார்கள். என் மனைவி நடுப்படியில் அமர்ந்து, மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி கதை படிப்பாள். பெரிதாக ஒரு கட்டடம் கட்டுவது என்று முடிவானது. இலஞ்சிப் பக்கம் யாரோ நிலம் தந்துவிட்டார்கள். கட்டுவதற்குத்தான் நிதி இல்லை. தையற்காரர் ரசீதுப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்க மதினியும் வர வேண்டும் என்றார். என் மனைவியின் கை ரசீதுப் புத்தகத்தை வாங்கியும்விட்டது.

நான் படித்தது ஒரு பண்ணையாரின் தயவில். ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டணம் வாங்க அவர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். அவர் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு முடியும்வரை நின்றிருக்கிறேன். அந்த நிற்றலை நான் யாருக்கும் விளக்கியதில்லை. அன்றும் விளக்காமல், அவர்கள் இருவருக்கும் பொதுவாக, "பிள்ளைகளுக்குக் கதை படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்த வீட்டிலிருந்து யாரும் யார் முன்னாலும் கையேந்தி நிற்கக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். என் மனைவி ரசீதுப் புத்தகத்தைத் தையற்காரரிடமே திருப்பிக் கொடுத்தாள். "சரி, நிக்கல" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த சாரலில்தான் அந்தத் துண்டு வீட்டைவிட்டு வெளியே போகத் தொடங்கியது. வேறு சிலவற்றையும் குறித்துவைத்தேன். தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பாள்; நான் கூடத்துக்குள் நுழைந்ததும், "அவுக வந்துட்டாவ, வைக்கேன்" என்று முடித்துவிடுவாள். ஒரு நாள் பையில் பல நிறத் துணி நாடாக்கள் கிடந்தன. ஏதாவது சாமியாரிடம் போகிறாளோ, மந்திரித்த கயிறோ என்றுகூட நினைத்தேன். எனக்குத் தெரியாமல் ஏதேனும் நோய்க்கு மருத்துவம் பார்க்கிறாளோ என்றும் நினைத்தேன். இரண்டையும்விட மோசமான ஒன்றை நினைக்கத் தொடங்கியபோது, அடுத்த பேருந்தில் ஏறி அவள் பின்னாலேயே போனேன்.

நல்ல கூட்டம். சாலை நெடுக நேந்திரங்காய் வறுக்கும் வாசமும் உடம்புக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசமும் கலந்து அடித்தன. பேரருவிக்குப் போகும் வழியில், ஒரு பழக்கடையின் ரம்புட்டான் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எதிர்ப்பக்கத்தில், கருப்புக் குடையின் கீழ், மடக்கு நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு தகர டப்பா; அதில் எழுதியிருந்தது அந்தத் தொலைவிலிருந்து தெரியவில்லை. எண்ணெய் பூசிய ஒரு மனிதர் வந்தார். கழுத்துச் சங்கிலியையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் அவற்றை ஒரு சிறு பையில் போட்டு முடிந்துகொண்டு, பதிலுக்கு அவர் கையைப் பிடித்து எதையோ கொடுப்பதுபோல் தெரிந்தது. அவர் போனதும் ஒரு பெண் வந்து வளையல்களைக் கழற்றினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூவர் காத்து நின்றார்கள்.

என் மனைவி அடகு பிடிக்கிறாள் என்று முடிவு செய்தேன். கையேந்தக் கூடாது என்று நான் சொன்னதற்கு, பிறரைத் தன்னிடம் கையேந்த வைத்துப் பதில் சொல்கிறாள் என்று தோன்றியது. உடனே திரும்பிவிட்டேன். அந்த மனிதர் குளித்துவிட்டு வரும்வரை நான் நிற்கவில்லை. பாதிச் சோதனையில் முடிவு எழுதும் மாணவன் எவனையும் நான் தேர்ச்சி பெற விட்டதில்லை.

அன்று மாலை, "தண்ணி எப்படி விழுது?" என்று கேட்டேன்.

"ஆம்பளைய பக்கம் நல்லா விழுது. பொம்பளைய பக்கம் நிக்க எடமில்ல."

"என்ன வாங்கிட்டு வந்தே?"

அவள் சிரித்தாள். "வாங்குனதெல்லாம் அங்கனயே திருப்பிக் குடுத்துட்டுதான் வருதேன். ஒங்களுக்கு மட்டும் மங்குஸ்தான் கொண்டாந்தேன். கூசாம தின்னுங்க, நம்ம காசுதான்."

நான் உரித்துத் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது. யார் வாங்கிக் கொடுத்ததோ என்று யோசித்துக்கொண்டே தின்றேன். அதன் பிறகு இரண்டு சாரல் காலங்கள் கழிந்தன. அந்தச் சந்தேகத்தோடுதான் அவளுடன் வாழ்ந்தேன். ஒரு சொல்லும் கடுமையாகப் பேசவில்லை. அதை அப்போது பெருந்தன்மை என்று கருதினேன்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் இறந்தாள். அடுப்பில் பால் இருந்தது. நான் போய் அணைத்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் இயலவில்லை.

வைகாசி முடியும் நேரத்தில் தையற்காரர் வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. துக்க வீட்டில் வந்து நன்கொடை கேட்கப் போகிறார், அவள் பெயரைக் கட்டடத்துக்கு வைப்பதாகச் சொல்லித் தொகையைக் கூட்டப் பார்ப்பார் என்று எண்ணி, நிற்க வைத்தே பேசினேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. "கட்டடத்துக்குக் கூரை போட்டு, செவரும் பூசியாச்சு அண்ணாச்சி. அடுத்த வாரம் சாரல் ஆரம்பிச்சிரும். மதினி எடத்துல யார உக்கார வைக்கன்னு தெரியல. அதான் ஒங்ககிட்ட ஒரு வார்த்த..."

"எந்த இடம்?" என்றேன்.

"அருவிக்குப் போற வழியில, ஞாயித்துக்கெழம மதினி உக்காருத எடம்" என்றார்.

"அடகுக் கடையா?"

"அடகா! நல்லா சொன்னீய போங்க" என்று சிரிக்கத் தொடங்கியவர், நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். மூட்டையை அவிழ்த்துத் தரையில் பரப்பினார். சட்டைத் துணி, பாவாடைத் துணி, திரைச்சீலை என வெட்டி மீந்த துண்டுகளில் தைத்த சுருக்குப் பைகள். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ஒவ்வொரு பையோடும் அதே துணியில் ஒரு நாடா. "குளிக்க வாரவன் கண்ணாடி, வாட்ச்ச எங்கன வைப்பான்? கொரங்கு வேற கெடக்கு. இந்தப் பையில போட்டுட்டு, நாடாவ அவன் மணிக்கட்டுல கட்டி விட்டுருவாவ. குளிச்சிட்டு வந்து கைய நீட்டுனா, துணிய ஒத்துப் பாத்துப் பையக் குடுப்பாவ. எங்க கடையில துணி மாறாம இருக்கச் செய்யுத வேலதான். அவுகதான் அங்கன கொண்டுபோனாவ. நன்கொடைன்னு ஒரு வார்த்த கேட்டதில்ல அண்ணாச்சி. பிள்ளைய படிக்கக் கட்டடத்துக்குன்னு எழுதுன டப்பா கெடக்கும், போடுதவன் போடுவான். நீங்க கையேந்தக் கூடாதுன்னு சொன்னீயல்லா, கடைசி வரைக்கும் அவுக ஏந்தல."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நானும் கேட்டேன். 'அவுக கேட்டா சொல்லுதேன்'னாவ."

பிறகு அந்தத் துண்டைப் பற்றிக் கேட்டேன். "குளிக்கணும்னுதான் கொண்டாருவாவ. ஒரு நாளும் கூட்டம் விடல" என்றார்.

அவர் சொன்னதை அன்றே நம்பிவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகும். மறுநாள் அவருக்குத் தெரிவிக்காமல் இலஞ்சிக்குப் போனேன். கட்டடம் இருந்தது. சுவரைச் சாவியால் சுரண்டிப் பார்த்தேன், பூச்சு உதிரவில்லை. ஜன்னல்கள் முழங்கால் உயரத்தில் தொடங்கின. தவறு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு, சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த கொத்தனாரைக் கேட்டேன். "அது ஒரு அம்மா சொன்னது சார். பிள்ளைய தரையில உக்காந்து படிக்கும், வெளிச்சம் மடியில விழணும்னாவ. கட்டுனத ஒடச்சு எறக்குனோம்லா" என்றார். நான் அந்த ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். வெளிச்சம் மடியில் விழுந்தது.

இந்த ஆனியில் முதல் ஞாயிற்றுக்கிழமை, அதே குடையின் கீழ், அதே மடக்கு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். முதலில் வந்த பெண் கைப்பையைத் தருவதற்கு முன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "ஏன் சார், நாங்க வர வரைக்கும் இங்கனயே இருப்பீயளா? எந்திச்சிப் போயிர மாட்டீயல்லா?" என்றாள். கைப்பேசியில் என்னைப் படமும் எடுத்துக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பவில்லை. அவள் பார்த்ததில் குற்றம் இல்லை; போன மூன்று சாரல்களிலும் நான் என் மனைவியைப் பார்த்ததும் அப்படித்தான்.

மதியம் நெருங்கும்போது, உடலெல்லாம் எண்ணெய் வழிய ஒருவர் வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா வரலியா?"

"இல்லை. இறந்துவிட்டாள்."

கண்ணாடி இல்லாத கண்களை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க?"

"வீட்டுக்காரன்."

அவர் கடிகாரம், மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் என் மடியில் வைத்துவிட்டு மணிக்கட்டை நீட்டினார். எனக்கு முடிச்சு சரியாக விழவில்லை. "மெதுவா கட்டுங்க, அருவி எங்கயும் போயிராது" என்றார். கட்டி முடிக்கும்வரை கையை அசைக்காமல் வைத்திருந்தார்.

நானும் ஒரு துண்டு கொண்டுபோயிருந்தேன். கூட்டம் குறைந்ததும் குளிக்கலாம் என்றிருந்தேன், குறையவில்லை. வீட்டுக்கு வந்து பையிலிருந்து அதை எடுத்தேன். காலையில் மடித்த மடிப்பு கலையவில்லை. அதைக் கவனிக்க வீட்டில் யாரும் இல்லை. அலமாரியைத் திறந்து, அவளுடைய துண்டின் மேல் வைத்தேன்.