மிச்ச ஆயில்

எங்கள் தேங்காய்க் கொட்டகையின் பலகையில் ஒரு வெள்ளை கேன் இருக்கிறது. உள்ளே அடியில் கொஞ்சம் ஆயில். மூடிக்கு மேல் பால் கவரைச் சுற்றி, சணல் கயிற்றால் லேசில் அவிழ்க்க முடியாத ஒரு முடிச்சு. பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் கோணல்மாணலாக 'அம்மணி வண்டிக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். கட்டியதும் எழுதியதும் என்னை அம்மணி என்று கூப்பிடும் என் மாமனார். அவர் இப்போது இல்லை.

அவருக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. தேய்ந்த சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைப்பார். அறுந்த மோட்டார் பெல்ட் கன்றுக்குட்டிக்குக் கழுத்துப் பட்டையாகும். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும், ஆனைமலையிலிருந்து வால்பாறைக்குத் தேங்காயும் காய்கறியும் ஏற்றிப்போக நானே பிக்கப் ஓட்டுகிறேன் என்றபோது சொந்தபந்தமெல்லாம் முகத்தைச் சுளிக்க, என் கணவரே இழுத்தடிக்க, மாமனார்தான் வாய் திறந்தார். "டிராக்டர் ஓட்டற புள்ளைக்கு இதென்ன பெருசு? ஓட்டட்டும் உடுங்கப்பா." அந்த ஒரு வார்த்தையில்தான் வண்டி என் கைக்கு வந்தது.

பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிபரன்சியலுக்கு ஆயில் மாற்றும் நேரம் வந்தது. கெட்டியாக இருந்தால்தான் நல்ல ஆயில் என்பது எங்கள் பக்கத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. டிராக்டருக்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததை மாமனார் ஒர்க்‌ஷாப்புக்கே தூக்கி வந்துவிட்டார். "தேனாட்டம் இருக்குது பாருங்க. இதையே ஊத்திப்போடுங்க." மெக்கானிக் ஊற்றினார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்த நடையில், மலையேறும் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பின்னால் கடகடவென்று ஒரு நடுக்கம். நேர் ரோட்டில் சத்தமே இல்லை. ஒடித்துத் திருப்பினால் போதும், வண்டியே பல்லைக் கடிப்பதுபோல இருக்கும். ஒருநாள் கூட வந்த மச்சாண்டார், அதாவது என் கணவரின் அண்ணன், ஊருக்குத் திரும்பியதும் ஒருவர் விடாமல் சொன்னார். "பொம்பள கைல குடுத்தா இப்படித்தான். வளைவுல ஒடிக்கத் தெரியாம கிரவுன் பினியனையே தின்னுபோட்டா." மெக்கானிக்கும் டிபரன்சியலுக்குள் இருக்கும் அந்தப் பல் சக்கரத்தில் பல் போயிருக்கும் என்றார். வண்டியை விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று என் கணவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். என் ஓட்டத்தில்தான் ஏதோ கோளாறு என்று நானே பாதி நம்பிவிட்டிருந்தேன். ஸ்டியரிங்கைத் தொடவே கை கூசியது.

கடைசியாக ஒரு முயற்சி என்று, பல் சக்கரம் வாங்கக் கோயமுத்தூர் உக்கடத்தில் பழக்கமான பாய் கடைக்குப் போனேன். அவர் சாமானை எடுக்கவேயில்லை. "திரும்பறப்ப மட்டும்தான் சத்தமா? அப்ப என்ன ஆயில் ஊத்தினீங்கன்னு மொதல்ல சொல்லுங்கம்மா." சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது இழுக்கட்டும் என்று இந்த வண்டியின் டிபரன்சியலுக்குள் தட்டுகள் வைத்திருக்கிறார்களாம். திரும்பும்போது வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் ஓட, தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். அதற்கென்று மருந்து கலந்த தனி ஆயில் உண்டு. டிராக்டர் ஆயிலில் தட்டுகள் பிடித்துப் பிடித்து விடும், அதுதான் அந்தச் சத்தம். "உங்க ஓட்டத்துல ஒண்ணுமில்லம்மா" என்று அவர் சொன்னதும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாய் பதறிப்போய் டீ சொன்னார்.

புது ஆயிலை ஊற்றி, அது தட்டுகளுக்குள் இறங்க மெதுவாக எட்டுப் போடச் சொல்லியிருந்தார் பாய். கொப்பரையை ஓரம் தள்ளிவிட்டுக் களத்திலேயே எட்டுப் போட்டேன். முதலில் கடகடத்தது. பிறகு முனகியது. பிறகு ஒன்றுமேயில்லை. லைசென்ஸுக்கு எட்டுப் போட்டபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மாமனார் களத்து ஓரத்திலேயே நின்றிருந்தார்.

"எந்த ஆயிலு ஊத்துன அம்மணி?"

"வேற ஆயிலுங்க மாமா."

"அப்ப நம்ம ஆயிலு?"

பாய் சொன்னதைச் சொன்னேன். அவர் குனிந்து பின் அச்சைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வருத்தப்படுத்திவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்து மாசாணியம்மன் கோயிலில் பொங்கல் வைக்கச் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது, "என்ன, வளைவுல சத்தம் நின்னுச்சா?" என்று மச்சாண்டார் சிரித்தார். நான் பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தேன். மாமனார் எழுந்து நின்றார். "அம்மணி மேல ஒரு குத்தமும் இல்லப்பா. மிச்சம் வீணாப் போயிருமேன்னு டிராக்டர் ஆயிலை ஊத்துனவன் நானு. நாலு பேரு முன்னால நீ சொன்ன. நாலு பேரு முன்னாலயே நானும் சொல்றேன்." அதுவரை அவர் எதற்கும் தன்னைக் குறை சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் புது ஆயிலின் மிச்சத்தை எடுத்து மூடிக் கட்டி, பெயிண்ட் தேடி எழுதினார்.

போன வாரம் கொட்டகையிலேயே வைத்து மறுபடி ஆயில் மாற்றினோம். "பழசு கெடக்குதே, அதையும் சேத்தி ஊத்திரலாமுங்களா?" என்று மெக்கானிக் முடிச்சில் கை வைத்தார். வேண்டாம் என்று வாங்கிப் பலகையில் வைத்துவிட்டேன். மறுநாள் வால்பாறைக்குப் போனேன். எல்லா வளைவிலும் வண்டி சத்தமில்லாமல் திரும்பியது. மாமனார் இருந்திருந்தால் திட்டியிருப்பார். திட்டட்டும், அந்த ஆயில் மட்டும் வீணாகவே இருக்கட்டும்.