இரண்டு கண்களுக்கு இரண்டு நீலம்

முதலில் நான் சண்டை பிடித்தது பெயின்ட் கடைக்காரரோடுதான். நீலம் என்று தந்தது பச்சையும் சாம்பலுமாகத் தெரிந்தது. இன்னொரு டின்னைத் திறந்து காட்டினார். அதுவும் அப்படியே இருந்தது. கம்பனிக்காரனையும் சேர்த்து ஏசிவிட்டு வந்தேன்.

சாய்ந்தமருதுக் கரையில் படகுகளுக்கு நிறம் பூசுபவன் நான். இங்கே படகுக்காரர் ஒவ்வொருவருக்கும் தனி நிறம் உண்டு. தூரத்தில் வரும்போதே யாருடைய படகு என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்த நிறம் டின்னில் வராது, கலந்துதான் எடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ரசூலின் படகுக்கு மறுபடி பூசினேன். என் கண்ணுக்கு நீலமாகும் வரை நீலத்தை ஊற்றிக்கொண்டே இருந்தேன். என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுபவன். வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"காக்கா, இது எங்கட நீலமில்ல. கலியாண ஊட்டு லைட்டு மாதிரி இரிக்கி."

எனக்குப் பொல்லாத கோபம். என் மனைவிதான் மெதுவாகச் சொன்னாள்: "கோவிக்காம ஒருக்காக் கண்ணக் காட்டுங்க."

டாக்டர் பார்த்த உடனேயே சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை (கண்ணுக்குள் இருக்கும் வில்லை பழுத்துக் கலங்குவது).

"மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பெயின்ட் அடிச்சிருக்கிறீங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிறம் போனால் எனக்கு வேறு என்ன தெரியும்? உண்மையிலேயே பயந்துபோனேன்.

முதலில் வலது கண்ணில் சத்திரசிகிச்சை செய்து செயற்கை வில்லை வைத்தார்கள். நோகவில்லை. உங்களுக்கும் புரை என்றால் பயந்து நாளைக் கடத்தாதீர்கள். கட்டு அவிழ்த்ததும் தாதியின் வெள்ளை உடுப்பில் மெல்லிய நீலம் தெரிந்தது. வெள்ளைக்குள் நீலம் இருப்பதையே மறந்திருந்தேன்.

கரைக்குப் போனேன். ரசூலின் படகு கண்ணில் குத்தியது. நானா இதைப் பூசினேன்? வெட்கம் தாங்காமல், காசு வேண்டாம், திரும்பப் பூசித் தருகிறேன் என்றேன்.

"வேணா காக்கா. உம்மாக்கு வேறொண்டும் தெளிவாத் தெரியிறல்ல. இந்த நீலத்த மட்டும் வாசல்ல இரிந்தே கண்டுபிடிக்கிறா. நான் கரைக்கு வந்திட்டனெண்டு அவக்கு இப்பதான் நிம்மதி."

அவனைப் பெற்ற அந்த உம்மாவுக்கும் புரை. ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு நடுக்கம்.

இப்போது வலது கண்ணை மூடினால் எனக்கு எழுபது வயது, மாலை வெயிலில் கிடக்கிறது உலகம். இடது கண்ணை மூடினால் சின்ன வயதுக் காலை. இரண்டுமே எனக்குப் பிடித்திருக்கிறது. ரசூலின் படகில் உரசல் பட்ட இடத்துக்கு நிறம் கலக்கும்போது மட்டும் நல்ல கண்ணைப் பொத்திக்கொள்கிறேன்.

போன முறை டாக்டர் கேட்டார், "மற்றக் கண்ணை எப்ப செய்வம்?"

கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருந்த ரசூலின் உம்மாவைக் காட்டினேன்.

"முதல்ல இவக்குச் செய்யுங்க டாக்டர். அதுவரைக்கும் இவட நீலத்தக் கலக்க எனக்கு இந்தக் கண் வேணும்."