காதுக்குள் பயம்

காமயகவுண்டன்பட்டியில், திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் அக்குபங்சர் பார்க்கும் அம்மா அவர். ஊசி குத்த மாட்டார். ஒற்றை விரலால் தொடுவதுதான் வைத்தியம். நாடி பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். என் மகளுக்கு மறுபடியும் காதில் சீழ் வடிந்ததால் கூட்டிப்போயிருந்தேன்.

“காதுதான் கிட்னிக்கு வாசல், தாயி. பயந்தா கிட்னி வாடிப்போகும். பிள்ளை எதுக்குப் பயந்துச்சு?”

“ஒண்ணுக்கும் பயப்படலங்க,” என்றேன்.

“அப்பாவத் தூக்கிட்டுப் போனப்ப அம்மா அழுகவே இல்ல. அதான் பயம்,” என்றாள் மகள்.

அவர் கண்ணைத் திறந்தார். பிள்ளையின் கையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். வெகுநேரம் பிடித்திருந்தார். கடைசியில், “டாக்டர் குடுத்த சொட்டு மருந்த நிப்பாட்டிராத,” என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள்: “அவுக கை சில்லுனு இருந்துச்சுல்லம்மா?”

அவ்வளவு நேரம் பிடித்திருந்தும் எனக்கு அது தெரியவே இல்லை.