மல்லாட்டைக் கிடங்கில் டெல்லி சட்டசபை

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குக் கொஞ்ச வருஷம் முன்னால், திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டைக் கிடங்கில், அதாவது வேர்க்கடலைக் கிடங்கில், நான் கூலி வேலை பார்த்தேன். மெஷின் உடைத்துத் தள்ளுகிற பருப்பில் சொத்தையைப் பொறுக்கிப் போடுகிற வேலை. இருபது பெண்கள் இருந்தோம். பாதிரியார் பள்ளியில் ஐந்தாவது வரை போனதால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

என் அண்ணன் விழுப்புரம் ஜங்ஷனில் போர்ட்டர். ரயிலில் பயணிகள் விட்டுப்போன தமிழ் தினசரிகளை எடுத்துவைத்து, வாரம் ஒருமுறை கொண்டுவந்து கொடுப்பார். மத்தியானம் கேப்பைக் கூழ் குடிக்கிற நேரத்தில் அதைச் சத்தமாகப் படிப்பேன்.

அன்றைக்கு டெல்லி சட்டசபைச் செய்தி. சர்க்கார் கொண்டுவந்த வரி மசோதாவை மெம்பர்கள் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தும், வைஸ்ராய் தன் அதிகாரத்தை வைத்து அதைச் சட்டமாக்கிவிட்டாராம். அப்புறம் ஓட்டு எதுக்கு என்று பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி வந்தார். பேப்பரைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தார்.

"கூலிக்கு வந்தவளுக்கு டெல்லிக் கதை இன்னாத்துக்கு? வாயை மூடிக்கினு கூழைக் குடி."

எனக்குப் பக்கத்தில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மேஸ்திரி பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம்தான் கேட்டாள்: "அந்த மெம்பருங்க அப்பறம் இன்னா பண்ணாங்க?"

ஏந்திரிச்சி வெளியே போய்ட்டாங்க என்றேன்.

"அப்ப நாமளும் போலாம், வா" என்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நானும் போனேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் எல்லோரும்.

மூன்று நாள் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை, புருஷன்மார் திட்டினார்கள். கிடங்கிலும் மல்லாட்டை குவிந்துகொண்டே போனது. கடைசியில் முதலாளி ஆள் அனுப்பினார்: எல்லோரும் வரலாம், படிக்கிறவள் மட்டும் வரக்கூடாது. எனக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம், போங்கள் என்று நானே சொன்னேன். கைக்குழந்தைக்காரி கேட்கவில்லை. வந்த ஆளிடம் சொன்னாள்: "வந்தா எல்லாரும் வருவோம். பேப்பரும் வரும்."

ஐந்தாம் நாள் என்னையும் பேப்பரையும் சேர்த்தே உள்ளே விட்டார்கள்.

அடுத்த வாரம் அண்ணன் கொண்டுவந்த தினசரியில், டெல்லி வெளிநடப்பால் ஒரு பயனும் இல்லை, வரி அப்படியேதான் இருக்கிறது என்று எழுதியிருந்தது. மேஸ்திரி நிற்கும்போதே அதையும் படித்தேன், ஒரு எழுத்து விடாமல்.

உனக்கு எதற்கு இந்தச் செய்தி என்று யாராவது கேட்டால், இந்த வயதிலும் என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. அதைத் தணித்துக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு காரணமும் கிடைக்கவில்லை.