வாசலில் தொங்கிய குளவி ஜாடி

எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் குளவித் தொல்லை தாங்கவில்லை. ஆன்லைனில் விளக்கு மாதிரி அழகான கண்ணாடிக் குளவிப்பொறி ஒன்று வாங்கினேன். கனிந்து போன பண்ருட்டி பலாச்சுளையைக் கரைத்து ஊற்றி, எங்கள் பிளாக்கில் இருப்பவர்களெல்லாம் பார்க்கட்டும் என்று வாசலிலேயே தொங்கவிட்டேன். அந்த வாசனைக்கு ஊர்க் குளவியெல்லாம் வந்து மொய்த்தன.

ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் ஜாடியில் தலையை இடித்துக்கொண்டார். முகம், கழுத்தெல்லாம் குளவிகள் கொட்டிவிட்டன. "மூச்சு வுட முடியலடி" என்றவரை அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தார். "இனிமே ஒரு குளவி கொட்டினாலும் ஆபத்துங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜாடியைத் தூக்கி எறிந்துவிட்டேன். குளவிகள்தான் இன்னும் வருகின்றன. பழத்தோலைக்கூட இப்போது மூடிய டப்பாவில்தான் வைக்கிறேன். செடிகளுக்கு நானே தண்ணீர் ஊற்றுகிறேன். அவற்றை நட்டு வளர்த்தவர், ஜன்னல் வலைக்குப் பின்னால் நின்றபடி கேட்கிறார்: "மல்லிக்கு ஊத்திட்டியா?"