குணா அண்ணனும் ஜாஸ் பெட்டிகளும்

குணா அண்ணன் போய்விட்டார்.

போன செவ்வாய்க்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் பத்து லஞ்சாங் மயானத்தில் தகனம். தகவல் தெரியாத நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

பினாங்கில் ஜாஸ் சிடி வாங்குகிற தமிழர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிடலாம். அதிலும் ஒரே பெட்டியில் பல சிடிகள் அடுக்கி வரும் பாக்ஸ் செட் மட்டும் தேடித் தேடி வாங்கியது, எனக்குத் தெரிந்து, அவரும் நானும்தான்.

அவர் பிறை நகரில் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் பகுதி சூப்பர்வைசர். நாள் முழுக்க அட்டைப்பெட்டியோடு மாரடித்துவிட்டு, லீவு நாளிலும் அட்டைப்பெட்டியையே தேடிப் போகிற மனுஷன் என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார்.

முதல் சந்திப்பு லோரோங் கூலிட் பழைய சாமான் பாசாரில். ஒரு சாக்ஸபோன்காரரின் முழுத் தொகுப்பு, கனமான மூடி போட்ட பெட்டி. நான் மூடியை வெடுக்கென்று இழுத்தேன். பக்கத்தில் பெட்டி பார்த்துக்கொண்டிருந்த குணா அண்ணன் பதறிவிட்டார்.

“தம்பி, தம்பி... அப்படி இழுக்காதீங்க லா. மூல கிழிஞ்சிரும். மூடிய மட்டும் புடிச்சித் தூக்குங்க, அடிப்பெட்டி தானா எறங்கும்.”

தூக்கினேன். அடிப்பெட்டி காற்றை விட்டபடி மெதுவாக இறங்கியது. “பாத்தீங்களா? இதான் நல்ல பெட்டி” என்றார். நான் பேரம் பேசக்கூட மறந்து வாங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து பழக்கம். சண்டையும்தான்.

எனக்குப் புத்தகம் மாதிரி வரும் செட் பிடிக்கும். தடித்த அட்டை, பக்கத்துக்கு ஒரு சிடி, நடுநடுவே கறுப்பு வெள்ளைப் படங்கள். அவருக்கு அது ஆகவே ஆகாது. “சிடிய உருவுறப்ப எல்லாம் அட்ட உரசுது தம்பி. அழகு இருக்கு, அறிவு இல்ல.”

பழைய எல்.பி. இசைத்தட்டு உறைகளைச் சின்னதாக்கி, ஒவ்வொரு சிடியையும் தனி உறையில் போட்டு, பெட்டியில் அடுக்கி வருமே... அதுதான் அவர் கட்சி. தகர டின்னில் வருவதை இரண்டு பேருமே தொட மாட்டோம். இங்கத்துக் கடல் காற்றுக்குத் துருப் பிடித்துவிடும்.

ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியைக் கண்டாலே அவருக்கு எரிச்சல். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது பிசுபிசுத்து சிடியில் ஒட்டிக்கொள்ளும். வாங்கிய அன்றே ஸ்பாஞ்சைப் பிடுங்கிவிட்டு, அட்டையை அளவாக வெட்டிச் செருகுவார். கம்பெனியே செய்தது போல இருக்கும்.

அப்புறம் அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். ஷூ பெட்டியில் வந்தாலும் சரி, மாத்திரை டப்பாவில் வந்தாலும் சரி, நேராக அவர் பாக்ஸ் செட்டுக்குள் போய்விடும். “முறுக்கு டின்னுல போட்டு வச்சிருந்தேன் தம்பி, அதையும் எடுத்துக்கிட்டாரு லா” என்று அவர் மனைவி சாந்தி அக்கா என்னிடம் புகார் சொன்னது உண்டு.

புது செட் வந்தால் வாட்ஸ்அப்பில் முதலில் நான்கு மூலைகளின் படம் வரும். பிறகு, “மூல ஓகே.” நான், “பசை எப்படிண்ணே?” என்பேன். அதிலேயே பொழுது போய்விடும்.

ஒரு தடவை கூரியரில் மூலை நசுங்கி வந்துவிட்டது. போனில் துக்க வீட்டுக் குரல். அன்றைக்கு அவருக்குத் தெரியாமல் சிரித்தேன்... இன்றைக்கு முடியவில்லை.

நேற்று ஜெலுத்தோங்கில் இருக்கும் அவர் ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். அழுது ஓய்ந்த முகத்தோடு சாந்தி அக்கா என்னை அவர் அலமாரி முன்னால் கூட்டிப் போனார்.

“ஹெட்போன் போட்டுக்கிட்டு கண்ண மூடி உக்காந்திருப்பாரு தம்பி. பிள்ளைங்க படிக்குதுன்னு சத்தமா வைக்கவே மாட்டாரு. என்னதான் கேக்குறாருன்னு எனக்குத் தெரியாமலே போச்சு.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவருக்கு ரொம்பப் புடிச்சது எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். அத மட்டும் போட்டுக் குடுங்க. ஒரே ஒரு தடவ நான் கேக்கணும்.”

எனக்குத் தெரியவில்லை.

இத்தனை வருஷப் பழக்கம். எந்த செட்டில் பசை விடும், எதில் உறை இறுக்கம், எல்லாம் ஒப்பிப்பேன். எந்த வாசிப்புக்கு அந்த மனுஷன் கண்ணை மூடினார் என்று தெரியாது. நாங்கள் அதைப் பேசியதே இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் கேட்டோம்... சேர்ந்து பேசியதெல்லாம் பெட்டியைத்தான்.

அடிக்கடி எடுத்த பெட்டி எது என்று தேய்மானம் பார்த்தேன். எல்லாமே புதுசு போல இருந்தன. ஒரு மூலை மழுங்கவில்லை, ஒரு உறையில் மடிப்பு இல்லை.

பிளேயரைத் திறந்து பார்த்தேன். காலி. கேட்டு முடித்த கையோடு சிடியை உறையில் போட்டுவிட்டிருக்கிறார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏதோ ஒன்றை உருவினேன். மெதுவாகப் போகிற பியானோ. ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டார். முடிகிற வரைக்கும் அசையவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது.

“இதுவா தம்பி?”

“ஆமாக்கா. இதேதான்.”

அக்கா ஃபேஸ்புக்கில் இல்லை. படிக்கிறவர்கள் யாரும் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

போய் வாங்க குணா அண்ணே... மனசு ஆறவே இல்லை.